பொது நிலம் பொதுவாகவே நிலைத்திட: மானியமும் நிபந்தனையும்

நகரம் விரிவடையும்போது முதலில் பறிபோவது அதன் திறந்தவெளியே ஆகும். ஏரிக்கரை, குன்று, விளையாட்டுத் திடல் ஆகியவற்றால் உள்ளாட்சி மன்றங்களுக்குப் பெரும் வருவாய் கிட்டுவதில்லை. அவற்றின் மனை மதிப்போ உயர்ந்துகொண்டே செல்கின்றது. வீட்டுக்கு முற்றமும் தோட்டமும் இல்லாத எளிய மக்களுக்கு ஓய்வும் உலாவும் பொது நிலத்தில்தான் கிட்டும். இத்தகைய நிலத்தைத் தம் சொந்த நிதியைக் கொண்டே காப்பது சிறிய மன்றங்களுக்கு அரிது. எனவே அரசின் மானியம் தேவைப்படுகின்றது. எனினும், மானியத்தின் நிலையான பயன் தொகையின் அளவைவிட, அதனுடன் இணைக்கப்படும் நிபந்தனைகளையே பெரிதும் பொறுத்துள்ளது. அமெரிக்க நாட்டின் அனுபவம் இதனைத் தெளிவாக்குகின்றது.

அமெரிக்க நிதியம்

வெளிப்புறப் பொழுதுபோக்குத் தேவைகளை ஆராய அமெரிக்க நாடாளுமன்றம் 1958-இல் ஓர் ஆணையத்தை அமைத்தது. பெருநகரங்களின் அருகிலேயே இத்தேவை மிகுதியாக உள்ளது என 1962-இல் வெளியான அதன் அறிக்கை சுட்டிக்காட்டியது. இதன் விளைவாக 1964-இல் நில, நீர்ப் பாதுகாப்பு நிதியச் சட்டம் நிறைவேறி, 1965-இல் நடைமுறைக்கு வந்தது. 1968 முதல் கடலடி எண்ணெய், எரிவாயு ஆகியவற்றின் வருவாயில் ஒரு பகுதி இந்நிதியத்துக்கு ஒதுக்கப்பட்டது. குறைந்துபோகும் ஓர் இயற்கை வளத்தின் வருவாயைக் கொண்டு, நிலைத்து நிற்கும் மற்றொரு வளத்தைப் பேணுவதே இதன் அடிப்படைக் கருத்தாகும்.

மாநிலங்களுக்கும் உள்ளாட்சி மன்றங்களுக்கும் இந்நிதியத்திலிருந்து வழங்கப்படும் மானியத்துக்கு மூன்று நிபந்தனைகள் உண்டு. முதலாவதாக, மாநில அரசு தன் பொழுதுபோக்குத் தேவைகளை அளந்து ஒரு முழுமையான திட்டம் வகுத்திருத்தல் வேண்டும். இரண்டாவதாக, பொதுவாகச் செலவில் பாதியை மானியம் பெறுவோர் ஏற்க வேண்டும். மூன்றாவதே முதன்மையானது: உதவி பெற்ற இடம் வெளிப்புறப் பொழுதுபோக்குக்கு என்றென்றும் உரியதாக இருத்தல் வேண்டும். வேறு பயனுக்கு மாற்ற நேரிடின், நடுவண் அரசின் ஒப்புதல் பெற்று, மதிப்பிலும் பயன்பாட்டிலும் ஈடான வேறு நிலத்தை வழங்கியாக வேண்டும். இதனால், நகர மன்றத்தின் நிருவாகம் மாறினாலும் பூங்கா விற்பனைப் பொருளாகிவிடுவதில்லை.

குறைகளும் இல்லாமல் இல்லை. ஆண்டுக்கு 90 கோடி டாலர் வரை செலவிட இசைவு இருந்தும், பல்லாண்டுகளாக அத்தொகை முழுமையாக ஒதுக்கப்படவில்லை. 2020-ஆம் ஆண்டுச் சட்டமே அம்முழுத் தொகையை ஆண்டுதோறும் உறுதி செய்தது. பாதிச் செலவை ஏற்க வேண்டும் என்னும் விதி, வறிய ஊர்களுக்குச் சுமையாகவும் அமையக்கூடும். தேவை மிகுந்த இடத்தில் திரட்டும் ஆற்றல் குறைவாக இருப்பதே இத்தகைய மானியங்கள் அனைத்துக்கும் உள்ள இடர்ப்பாடாகும்.

இந்திய நிலை

இந்தியாவில் 1992-ஆம் ஆண்டின் 74-ஆவது அரசியலமைப்புத் திருத்தம் பன்னிரண்டாம் அட்டவணையைச் சேர்த்தது. பூங்கா, தோட்டம், விளையாட்டுத் திடல் போன்ற வசதிகளும் நகர்ப்புறக் காடு வளர்ப்பும் நகராட்சிகளிடம் ஒப்படைக்கத்தக்க பணிகளாக அதில் இடம்பெற்றன. 2020 ஜூன் 5 அன்று அறிவிக்கப்பட்ட நகர்வனத் திட்டம் இப்பணிக்கு நிதி வழி காட்டியது. 2020-21 முதல் 2024-25 வரை 600 நகர்வனங்களும் 400 நகர் வாடிகைகளும் அமைக்க இலக்கு வகுக்கப்பட்டு, ஹெக்டேருக்கு 4 லட்சம் ரூபாய் உதவி என வரையறுக்கப்பட்டது. புனே நகரின் வார்ஜே பகுதியில், அரசும் மக்களும் தனியார் அமைப்புகளும் கூடி வெறுமையாய்க் கிடந்த 16.8 ஹெக்டேர் குன்றைக் காடாக மாற்றிய பணி இத்திட்டத்துக்கு முன்மாதிரியாகக் கொள்ளப்பட்டது.

இதற்கான பணம் ஈடுசெய் காடு வளர்ப்பு நிதியிலிருந்து வருகின்றது. காட்டு நிலத்தை வேறு பயனுக்குப் பெறுவோர் செலுத்தும் தொகையே அந்நிதியாகும். ஒரு வளத்தின் இழப்பு மற்றொரு வளத்தின் காப்புக்கு வழியாவதில் இரு நாட்டு முறைகளும் ஒத்துள்ளன. ஆயினும், தொலைவிலுள்ள அடர்காட்டின் இழப்பை நகரத் தோப்பு முழுமையாக ஈடுசெய்யாது என்பதையும் மறத்தலாகாது.

நிபந்தனையின் வலிமையைப் பெங்களூர் வழக்கு ஒன்று உணர்த்துகின்றது. நகர விரிவாக்கத் திட்டத்தில் பூங்காவுக்கென ஒதுக்கப்பட்ட இடம் தனியார் மருத்துவமனை கட்ட வழங்கப்பட்டது. அப்பகுதி மக்கள் வழக்குத் தொடுத்தனர். அந்த ஒதுக்கீடு செல்லாது என 1991-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பூங்கா என்னும் ஒதுக்கீடு திட்ட ஆவணத்தில் பதிவாகியிருந்தமையாலேயே அம்மக்களின் வழக்குக்கு அடித்தளம் கிடைத்தது.

செய்யத்தக்கவை

இவற்றிலிருந்து நிருவாகத்துக்குச் சில பாடங்கள் புலனாகின்றன. மானியம் வழங்கும் முன்பே நிலத்தின் எல்லையும் நோக்கமும் வருவாய்ப் பதிவேட்டில் இடம்பெறுதல் வேண்டும். நடும் செலவுடன் பராமரிப்புச் செலவுக்கும் வழி காணுதல் வேண்டும். வறிய ஊர்கள் தம் பங்கை உழைப்பாகவோ நிலமாகவோ செலுத்த இடமளித்தல் வேண்டும். செலவிட்ட பணம் ஓராண்டுக் கணக்கில் முடிந்துவிடும். கட்டடம் எழுந்த திடலோ மீண்டும் திடலாவது அரிது. ஆதலின், எத்தனைப் பூங்காக்கள் திறக்கப்பட்டன என்பதனோடு, இருபது ஆண்டுகளுக்குப் பின் எத்தனை பூங்காக்கள் எஞ்சியுள்ளன என்பதையும் கணக்கிடும்போதே மானியத்தின் உண்மையான பயன் விளங்கும்.