நாமக்கல் பள்ளிகளின் பாதி ரகசியம்

பத்தாம் வகுப்பு முடிவு வந்த கையோடு, தமிழகத்தின் எந்த மூலையிலிருந்தும் பெற்றோர் நாமக்கல்லுக்கும் ராசிபுரத்துக்கும் பஸ் ஏறிய காலம் ஒன்று உண்டு. விடியுமுன் எழுப்பி இரவு வரை படிக்க வைக்கும் விடுதிப் பள்ளிகள். பல இடங்களில் பிளஸ் ஒன் பாடத்தை ஓரங்கட்டிவிட்டு இரண்டு வருடமும் பிளஸ் டூ பாடம்தான். 2017-ல் அரசு ரேங்க் பட்டியலை நிறுத்தி, பிளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு அறிவித்ததன் பின்னணி இதுதான்.

அந்த மதிப்பெண்கள் நெடுநேரம் படித்ததால் வந்தவை என்பார்கள். எனக்கென்னவோ அங்கே தினமும் வைத்த ஸ்லிப் டெஸ்ட் என்ற சிறு தேர்வு மீதுதான் சந்தேகம்.

அந்தச் சந்தேகத்துக்குக் காரணம், அமெரிக்க உளவியலாளர்கள் ரோடிகரும் கார்பிக்கியும் 2006-ல் வெளியிட்ட ஒரு சோதனை. மாணவர்கள் ஒரு கட்டுரையை இரண்டு முறை படித்தார்கள். இன்னொன்றை ஒருமுறை படித்து, பிறகு பார்க்காமல் எழுதினார்கள். 5 நிமிடம் கழித்துக் கேட்டபோது இருமுறை படித்தது 81 சதவீதம் நினைவிருந்தது. எழுதிப் பார்த்தது 75. ஒரு வாரம் கழித்தோ 42-க்கு 56 என்று எழுதிப் பார்த்தது முந்திவிட்டது. இதில் வேடிக்கை, அடுத்த சோதனையில் திரும்பத் திரும்பப் படித்தவர்களே தங்களுக்கு அதிகம் நினைவிருக்கும் என்று நம்பினார்கள். கண்ணுக்குப் பழகிய வரியை மனம் தெரிந்த விஷயமாக எடுத்துக்கொள்கிறது.

அப்படியானால் எந்த நம்பிக்கை உதவும்? 1977-ல் உளவியலாளர் ஆல்பர்ட் பண்டுரா இதற்கு விடை சொன்னார். தானே செய்து ஜெயித்த அனுபவம்தான் தன்னம்பிக்கையின் வலுவான ஊற்று. தன்னைப் போன்ற ஒருவர் ஜெயிப்பதைப் பார்ப்பது அடுத்தது. பொள்ளாச்சி பக்கம் கோதவாடியில் பிறந்து, அரசுப் பள்ளியில் படித்து, சந்திரயான்-1 திட்ட இயக்குநரான மயில்சாமி அண்ணாதுரையின் கதை கொங்குப் பிள்ளைகளிடம் எடுபடுவது அதனால்தான். "உன்னால முடியும் கண்ணு" என்ற தட்டிக்கொடுப்புக்கு அவ்வளவு வலு கிடையாது.

ஸ்லிப் டெஸ்ட் நினைவு, தன்னம்பிக்கை இரண்டையும் ஒருசேரத் தரக்கூடியது: நினைவும் நிற்கும், நேற்று வராத கணக்கு இன்று வந்ததும் கண்ணுக்குத் தெரியும். ஆனால் மதிப்பெண்ணை வகுப்பில் உரக்க வாசித்து, கடைசியில் நிற்பவனை எழுப்பி நிறுத்தினால் அவன் தினமும் தன் தோல்வியைத்தான் மனப்பாடம் செய்கிறான். பல பள்ளிகள் கோட்டை விட்டது இங்கேதான்.

வீட்டில் இதற்குச் செலவு எதுவுமில்லை. புத்தகத்தை மூடச் சொல்லி ஒரு வெள்ளைத்தாள் கொடுங்கள். விட்டுப்போனதைப் பிள்ளையே பார்த்துத் திருத்தட்டும். மூன்று நாள் கழித்து அதையே மறுபடி எழுதச் சொல்லுங்கள். தயவுசெய்து அந்தத் தாளுக்கு மார்க் மட்டும் போடாதீர்கள்.