மூத்த ஆண்களின் சிறுநீர்த் தொல்லை

50 வயதைத் தாண்டிய ஆண்கள் பலர் இரவில் மூன்று நான்கு தடவை சிறுநீர் கழிக்க எழுகிறார்கள். "வயசானா அப்படித்தான்" என்று மறைத்தும் விடுகிறார்கள். இதற்குப் பல வேளைகளில் காரணம் புராஸ்டேட் என்னும் சுரப்பியாகும்.

சிறுநீர்ப்பைக்குக் கீழே, கொட்டைப்பாக்கைவிடச் சற்றுப் பெரிதாக, சிறுநீர்க் குழாயைச் சுற்றி இது அமைந்துள்ளது. விந்துக்குரிய நீரைச் சுரப்பது இதன் வேலை. வயது ஏற ஏற இது பருக்கிறது. நடுவிலுள்ள குழாய் நெரிகிறது. அதனால் சிறுநீர் தொடங்கத் தாமதமாகும், தாரை மெலியும், கழித்த பின்னும் சொட்டும்.

இவ்வீக்கம் புற்றுநோயன்று. ஆயினும் புற்றுநோயும் இதே சுரப்பியில் வரக்கூடும். தொடக்கத்தில் அது அடையாளம் காட்டாமலும் இருக்கும். ஆகவே மருத்துவரின் சோதனை அவசியம்.

இரவில் எழவேண்டுமே என்று, வெயிலில் வேலை செய்யும்போது தண்ணீர் குடிக்காமலிருப்பது தவறு. பகலில் நன்றாகக் குடியுங்கள். படுப்பதற்கு 2 மணி நேரம் முன்பிருந்து தேநீர், காப்பி, மது வேண்டாம். சிறுநீரை அடக்காதீர்கள். சளி மாத்திரைகள் சில சிறுநீரைக் கட்டிவிடும், கேட்டறிந்து வாங்குங்கள்.

சிறுநீர் அடியோடு நின்றாலோ, இரத்தம் கலந்து வந்தாலோ உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். தாய்மார்களே, வீட்டுக்காரர் கூச்சப்பட்டால் நீங்களே அழைத்துச் செல்லுங்கள். வீக்கம் மட்டுமென்றால் பலருக்கு மருந்தே போதும்.