டேஷ்போர்டைக் கழட்டணும்னு சொல்றாங்களா? சாவியைக் கொடுக்கறதுக்கு முன்னாடி இதைப் படிங்க

கார் ஏசியில காத்து வருது, ஆனா குளிர்ச்சி இல்ல. மெக்கானிக் பார்த்துட்டு, "கூலிங் காயில் லீக் சார், டேஷ்போர்டைக் கழட்டணும்"னு சொல்றார். மாசச் சம்பளத்துல இருக்கறவங்களுக்கு இது பட்ஜெட்டையே ஆட்டிப் பார்க்கிற செலவு.

இதுல முக்கியமா புரிஞ்சுக்க வேண்டியது ஒண்ணுதான். இங்க பெரிய செலவு பார்ட்ஸ் இல்ல, கழட்டி மாட்டுற லேபர். அதனால தேவையில்லாம கழட்டக் கூடாது. கழட்டினா ஒரே தடவையில வேலையை முடிக்கணும்.

1. லீக் எங்கன்னு உறுதி பண்ணுங்க

ஏசி கேஸ் பெட்ரோல் மாதிரி ஓட ஓடத் தீர்ந்துபோறது இல்ல. அது மூடின குழாய்க்குள்ளயே சுத்தி வரும். அடிக்கடி குறையுதுன்னா எங்கயோ கசியுது. அது ரேடியேட்டருக்கு முன்னாடி இருக்கிற கண்டென்சராகவோ, ஹோஸ் பைப்பாகவோ கூட இருக்கலாம். அதுக்கெல்லாம் டேஷ்போர்டைத் தொடவே வேண்டாம். நைட்ரஜன் பிரஷர் டெஸ்ட், இல்லன்னா லீக் டிடெக்டர் வெச்சு செக் பண்ணச் சொல்லி, ரிசல்ட்டை நீங்களே கூட நின்னு பாருங்க. சில மாடல்கள்ல கிளவ் பாக்ஸைக் கழட்டினாலே காயிலை எடுத்துடலாம். அதையும் கேளுங்க.

2. எஸ்டிமேட்டைப் பிரிச்சு வாங்குங்க

காயில், லேபர், கேஸ், ஜிஎஸ்டி எல்லாம் தனித்தனியா எழுத்துல வரணும். "மொத்தமா இவ்ளோ ஆகும் சார்"னா ஒத்துக்காதீங்க.

ஒரு கணக்குக்கு காயில் ₹4,500, லேபர் ₹6,000, கேஸ் ₹1,500, மொத்தம் ₹12,000னு வெச்சுக்குவோம். அதே பெட்டிக்குள்ள இருக்கிற எக்ஸ்பான்ஷன் வால்வு ₹1,200. "இப்போ வேண்டாம்"னு விட்டு, ஆறு மாசத்துல அது போச்சுன்னா வால்வு, லேபர், கேஸ் எல்லாம் சேர்த்து மறுபடியும் ₹8,700. பழைய காரா இருந்தா வால்வு, ஓ-ரிங், கேபின் ஃபில்டர் எல்லாத்தையும் அப்பவே மாத்துறதுதான் லாபம்.

3. வாரன்ட்டியைப் பாருங்க, இன்சூரன்ஸை நம்பாதீங்க

தேய்மானம், மெக்கானிக்கல் பழுது இதெல்லாம் சாதாரண மோட்டார் பாலிசியில வராது. ஜீரோ டெப் எடுத்திருந்தாலும் அதே கதைதான். ஆனா எக்ஸ்டெண்டட் வாரன்ட்டி இருந்தா ஏசி பார்ட்ஸ் அதுல வருதான்னு பாருங்க. வெளியில கழட்டினா அந்த வாரன்ட்டியில சிக்கல் வரலாம்.

4. ஏர்பேக்கில் சமரசம் வேண்டாம்

இந்தியாவுல 2019 ஜூலையிலிருந்து புதுக் கார்கள்ல டிரைவர் ஏர்பேக் கட்டாயம். பயணி பக்கத்து ஏர்பேக் டேஷ்போர்டுக்குள்ளேயேதான் இருக்கு. பேட்டரி நெகட்டிவ் வயரைக் கழட்டி, கம்பெனி மேனுவல்ல சொன்ன நேரம் காத்திருந்த பிறகுதான் வேலையைத் தொடங்கணும். ஏர்பேக் சிஸ்டத்துல கொஞ்ச நேரம் மின்சாரம் தங்கியிருக்கும். மஞ்சள் கலர் கனெக்டர்களை மல்டிமீட்டர் வெச்சு நோண்டக் கூடாது. இது யூடியூப் பார்த்து வீட்டுல செய்யற வேலை இல்ல. காசு மிச்சம் பண்ண இது இடமே இல்லீங்க.

5. விடுறதுக்கு முன்னாடியும் எடுக்கும்போதும்

கிளவ் பாக்ஸைக் காலி பண்ணுங்க. ஓடோமீட்டரை போட்டோ எடுங்க. எல்லா சுவிட்ச், லைட், ஹாரன், ஸ்டீரியோ வேலை செய்யறதை ஒரு சின்ன வீடியோவா எடுத்து வைங்க. பேட்டரி கழட்டினா சில ஸ்டீரியோ கோட் கேக்கும், அதைத் தேடி வைங்க. அந்த நாட்கள்ல ஆபீஸ் போக ஆகுற கேப், பஸ் செலவையும் கணக்குல சேருங்க.

வண்டியைத் திரும்ப எடுக்கும்போது இக்னிஷன் போட்டதும் ஏர்பேக் லைட் சில நொடி எரிஞ்சு அணையணும். அணையாம நின்னாலும், எரியவே இல்லன்னாலும் பில்லைக் கட்டாதீங்க. ஸ்பீட் பிரேக்கர் இருக்கிற ரோட்டுல ஒரு ரவுண்ட் ஓட்டி, கடகட சத்தம் வருதான்னு கேளுங்க. பில்லுல லேபர் வாரன்ட்டி எத்தனை நாள்னு எழுதி வாங்குங்க.

கார் வெச்சிருந்தா இப்படி ஒரு செலவு என்னைக்காவது வரத்தான் செய்யும். மாசம் ₹1,000 தனியா ஒரு ஆர்.டி.யில போட்டு வந்தா, ஒரு வருஷத்துல மேல சொன்ன ₹12,000 கையில இருக்கும். கிரெடிட் கார்டு இஎம்ஐ பக்கம் போகவே வேண்டாம்.