கொள்ளைநோயும் கிராமச் சுகாதாரமும்

ஒரு வைத்தியசாலையில் எத்தனை கட்டில்கள் உண்டோ அத்தனை நோயாளருக்கே அங்கு இடமுண்டு. சாதாரண நாட்களில் எவரும் இக்கணக்கை எண்ணிப் பார்ப்பதில்லை. கொள்ளைநோய் பரவும் காலத்திலோ பல்லாயிரம் உயிர்கள் இக்கணக்கிலேயே தங்கிவிடுகின்றன. நோய் கண்ட யாவரும் ஒரே வாரத்தில் வைத்தியசாலையை நாடுவாராயின், தேர்ந்த வைத்தியரும் சிறந்த மருந்தும் இருந்தும் அவை வேண்டியவரைச் சென்றடையா. இந்நெருக்கடியைத் தணிக்கும் வழி எங்கே தொடங்குகிறது? கிராமத்து ஒழுங்கையில், வீட்டுப் படலையில் தொடங்குகிறது என்பதை இலங்கையின் அனுபவம் காட்டுகிறது.

1926ஆம் ஆண்டிலே களுத்துறையில் இந்நாட்டின் முதலாவது சுகாதாரப் பகுதி நிறுவப்பட்டது. நோயாளர் வரும்வரை காத்திராது, மக்கள் வாழும் இடத்திற்கே சென்று நோயைத் தடுப்பது அதன் நோக்கம். அன்று இடப்பட்ட வித்தே இன்று நாடெங்கும் பரந்துள்ள சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைகளாக வளர்ந்திருக்கிறது. பொதுச் சுகாதாரப் பரிசோதகர் உணவுக் கடைகளைப் பார்வையிடுகிறார்; தொற்றுநோய் கண்ட வீட்டை விசாரிக்கிறார். குடும்பநல மருத்துவமாது ஏறத்தாழ 3,000 மக்கள் வாழும் பகுதியொன்றிற்குப் பொறுப்பாயிருந்து, கருவுற்ற தாய்மாரையும் பச்சிளங் குழந்தைகளையும் வீடு தேடிச் சென்று கவனிக்கிறார்.

இவ்வமைப்பு நாடெங்கும் வேரூன்றுமுன்னரே பெருஞ் சோதனையொன்று நேர்ந்தது. 1934ஆம் ஆண்டிலே பருவமழை பொய்த்தது. ஆறுகள் வற்றி ஆங்காங்கே குட்டைகளாயின. அவற்றில் நுளம்பு பெருகிற்று. அதன் விளைவாக மூண்ட மலேரியாக் காய்ச்சல், 1935ஆம் ஆண்டினுள் ஏறத்தாழ 80,000 உயிர்களைக் கொள்ளை கொண்டது. வைத்தியசாலைகள் நிரம்பி வழிந்தன. எழுந்து நடக்கவும் வலுவற்றோர் தூரத்து வைத்தியசாலைக்கு எவ்வாறு செல்வர்? ஆதலால் கொயினா மருந்தைக் கிராமங்களுக்கே கொண்டு செல்ல வேண்டியதாயிற்று. நோயாளியால் வர இயலாத இடத்தில் வைத்தியமே அவரிடம் செல்ல வேண்டும் என்னும் பாடத்தை நாடு பெரும் விலை கொடுத்துக் கற்றது.

ஏறத்தாழத் தொண்ணூறு ஆண்டுகளின் பின் அப்பாடம் மீண்டும் நினைவுக்கு வந்தது. 2020ஆம் ஆண்டு ஜனவரி மாதம் 27ஆம் திகதி, இலங்கையில் முதலாவது கொவிட் நோயாளி கண்டறியப்பட்டார். மார்ச் மாதத்தில் நோய் உள்ளூரிலும் தலைகாட்டவே ஊரடங்கு பிறப்பிக்கப்பட்டது. நோயாளரோடு பழகியோரைத் தேடியறிந்து, அவர்களைத் தனிமைப்படுத்திக் கண்காணிக்கும் பணி பரிசோதகரின் தோள்களில் விழுந்தது. நீரிழிவு, உயர் குருதியழுத்தம் போன்ற நெடுநாள் நோயுடையோரின் மருந்துகள் தபால் மூலமும் வீடுகளுக்கு அனுப்பப்பட்டன. வைத்தியசாலை வாசலில் திரளவேண்டியிருந்த கூட்டம் இவற்றால் குறைந்தது.

எனினும் தொடக்கத்தில், தொற்றியவர் எவராயினும் அவரை வைத்தியசாலையில் சேர்ப்பதே வழக்கமாயிருந்தது. நோயாளர் சிலராயிருந்தபோது அது பொருத்தமாயிருந்தது. 2021ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் டெல்டா என்னும் திரிபு பரவியபோது நிலைமை மாறிற்று. கொவிட் கண்டோரிற் பெரும்பாலானோர்க்கு அது இலேசான காய்ச்சலாகவே வந்து நீங்கும். சிலருக்கே ஒட்சிசன் தேவைப்படும். இலேசான நோயுடையோர் கட்டில்களை நிரப்பிவிட்டால், மூச்சுத் திணறி வருபவருக்கு இடமேது? அவ்வாண்டு ஆகஸ்ட் மாத இறுதியில் ஒரே நாளில் 200க்கு மேற்பட்டோர் மாண்ட நிலையும் உண்டாயிற்று.

இந்நிலையிற் கைகொடுத்தது வீட்டுவழிச் சிகிச்சை. 2021 ஜூன் மாதத்தில் மேல் மாகாணத்தில் தொடங்கிய இம்முறை பின்னர் ஏனைய மாகாணங்களுக்கும் விரிந்தது. இலேசான நோயுடையவர் வீட்டிலேயே தனித்திருப்பார். வைத்தியர் தொலைபேசியில் நாள்தோறும் அவர் நிலையை விசாரிப்பார். அக்காலத்தில் 1390 என்னும் இலக்கத்தை அழைத்தும் ஆலோசனை பெற முடிந்தது. மூச்சு வாங்கினாலோ, நெஞ்சு வலித்தாலோ, அறிவு மயங்கினாலோ தாமதமின்றி வைத்தியசாலைக்கு அனுப்பப்படுவார். வீட்டில் இருக்கத் தக்கவர் வீட்டில் இருந்தமையால், கட்டில் வேண்டியவருக்குக் கட்டில் கிடைக்க வழி பிறந்தது. தடுப்பூசிப் பணியையும் சுகாதாரப் பணிமனைகளே முன்னின்று நடத்தின. 2021ஆம் ஆண்டு முடிவதற்குள் மக்களிற் பாதிக்கு மேற்பட்டோர் இரு முறை தடுப்பூசி பெற்றனர்.

இத்தகைய பணிக்கு அடிப்படை நம்பிக்கையாகும். முன்பின் அறியாத ஒருவர் வந்து, “வீட்டில் யாருக்குக் காய்ச்சல்?” என்று வினவினால் மக்கள் மறைக்கக்கூடும். தம் பிள்ளையின் நிறையை மாதந்தோறும் அளந்தெழுதிய மருத்துவமாது அதே கேள்வியைக் கேட்கும்போது, தாய் உண்மையை உரைக்கிறாள். அந்த உறவை நோய் வந்தபின் ஒரே நாளில் உண்டாக்க இயலாது.

இம்முறைக்கும் எல்லைகள் உண்டு. ஓர் அறையில் அறுவர் வாழும் வீட்டிலே தனிமை என்பது வெறுஞ் சொல்லாகும். அத்தகையோருக்கு இடைநிலைப் பராமரிப்பு நிலையங்கள் வேண்டும். நோயாளரைத் தேடுவதும் தடுப்பூசிக்கு உதவுவதும் ஒருவரிடமே சுமத்தப்பட்டால், கருவுற்ற தாயைப் பார்க்கச் செல்ல அவருக்கு நேரமிராது. ஒரு கொள்ளைநோயைத் தடுக்கும் முயற்சியிலே தாய் சேய் நலம் பின்தள்ளப்படலாகாது.

வெள்ளம் வருமுன் அணைகோல வேண்டும் என்பது முதுமொழி. நோயில்லாத ஆண்டுகளில் மருத்துவமாதின் வெற்றிடமொன்று நிரப்பப்படாதிருப்பது எவர் கண்ணுக்கும் பெரிதாய்த் தோன்றுவதில்லை. அடுத்த கொள்ளைநோய் வரும்போதோ, அவர் செல்லாத வீடுகளிலிருந்தே வைத்தியசாலைக்கு நோயாளர் காலந்தாழ்த்தி வந்து சேர்வர்.