சிறகு முளைத்த பாய்மரப் படகு

பாய்மரப் படகின் வேகத்துக்குப் பெரும் பகை நீர்தான். அது காற்றைவிடச் சுமார் 800 மடங்கு அடர்த்தியானது. அதை விலக்கி, அலை எழுப்பிச் செல்வதிலேயே படகின் ஆற்றலில் பெரும்பகுதி தீர்ந்துவிடுகிறது. படகின் உடலையே நீருக்கு மேல் தூக்கிவிட்டால் என்ன?

'ஹைட்ரோஃபாயில்' எனும் நீர்ச்சிறகு செய்வது இதைத்தான். விமான இறக்கை போன்ற இது நீருக்குள் விரையும்போது மேல்நோக்கிய விசை பிறக்கிறது. வேகம் இரு மடங்கானால் விசை நான்கு மடங்காகும். நீர் அடர்த்தியானது என்பதால் சிறிய சிறகே போதும். பகையே துணையானதைப் பாருங்கள்!

பிரான்சு நாட்டு அலென் தெபோவின் 'இட்ரோப்டேர்' 1994இல் கடலில் இறங்கியது. அதன் சிறகுகள் இருபுறமும் சாய்வாக நீருக்குள் இறங்குபவை. படகு எழ எழ, நீரில் மூழ்கியுள்ள பரப்புக் குறையும், விசையும் குறையும். ஆகவே படகு தானாகவே ஓர் உயரத்தில் நிலைகொள்ளும். 2008 டிசம்பரில் அது 61 நாட் வேகத்தைத் தொட்டுக் கவிழ்ந்தது. செப்பனிட்டு மீண்டும் ஓட்டினர். 2009 செப்டம்பரில் 500 மீட்டர் தூரத்தைச் சராசரி 51.36 நாட், அதாவது மணிக்கு 95 கி.மீ. வேகத்தில் கடந்தது.

ஏறத்தாழ 50 நாட்டில் ஒரு தடை உண்டு. சிறகின் மேற்புறத்தில் அழுத்தம் மிகவும் தாழ்ந்து, நீர் சூடேறாமலே கொதித்து ஆவிக் குமிழிகளாகிறது. தூக்கும் விசை குலைகிறது.

பால் லார்சனின் 'செயில்ராக்கெட்' குமிழிக்கு அஞ்சவில்லை. ஆப்பு வடிவச் சிறகால் வேண்டுமென்றே குமிழிப்பை ஒன்றை உண்டாக்கிக்கொண்டு ஓடியது. அதன் சிறகுக்குப் படகைத் தூக்கும் வேலையில்லை. பாய் படகை இழுத்துக்கொண்டு பறந்துவிடாமல் பிடித்துக்கொள்வதே வேலை. 2012 நவம்பரில் நமீபியாவின் வால்விஸ் விரிகுடாவில் அது எட்டிய சராசரி வேகம் 65.45 நாட், மணிக்கு 121 கி.மீ.