ஏழைகளின் சுமையை யார் சுமப்பது? பாப்லர் மக்கள் கேட்ட கேள்வி

லண்டன் மாநகரின் கிழக்கே, தேம்ஸ் நதிக்கரையில் பாப்லர் என்றொரு வட்டாரம். நூறு வருடங்களுக்கு முன் அங்கே துறைமுகக் கூலிகளே அதிகம். காலையில் துறைமுக வாசலில் கூடி நிற்பார்கள். பெயர் சொல்லி அழைத்தால் வேலை. இல்லையென்றால் அன்று வீட்டில் அடுப்பு எரியாது. நெருக்கடியான வீடுகளில் ஒருவருக்குக் காசநோய் வந்தால், அதே அறையில் உறங்கும் பிள்ளைகளுக்கும் ஆபத்து. வறுமை நோயை வளர்த்தது. நோய் வறுமையை வளர்த்தது.

உதவி கேட்டுப் போனால் ‘வொர்க்ஹவுஸ்’ என்ற ஏழை விடுதியைக் காட்டுவார்கள். அங்கே கணவன் ஒரு பக்கம், மனைவி ஒரு பக்கம். பசித்தாலும் அந்த வாசலை மிதிக்க மானமுள்ளவர்கள் அஞ்சினார்கள். சிறுவயதில் அவ்விடுதியில் அடைபட்ட வில் குரூக்ஸ், பிற்காலத்தில் ஜார்ஜ் லான்ஸ்பரியுடன் ஏழை நிவாரணக் குழுவில் உறுப்பினராகி, அங்கு உணவையும் நடத்தும் முறையையும் திருத்தினார்.

ஆனால் பணத்திற்கு எங்கே போவது? ஏழைகளுக்கான செலவில் பெரும்பகுதியை அந்தந்த வட்டாரமே தன் வீட்டு வரியிலிருந்து கொடுக்க வேண்டும் என்பது சட்டம். வசதியானவர்கள் வாழ்ந்த வெஸ்ட்மின்ஸ்டரில் ஏழைகள் குறைவு, வரி வருமானம் அதிகம். பாப்லரில் ஏழைகள் அதிகம், வருமானம் சொற்பம். அதாவது, ஏழையின் சுமையை அடுத்த வீட்டு ஏழையே சுமந்தார்.

முதல் உலகப்போருக்குப் பின் வேலையின்மை பெருகியது. 1921இல் பாப்லர் நகராட்சி ஒரு முடிவெடுத்தது. லண்டன் முழுவதற்குமான கவுன்சில், காவல்துறை முதலியவற்றுக்கான வரியை வசூலித்துக் கொடுக்க மறுத்தது. நீதிமன்ற உத்தரவை மீறியதால் 30 உறுப்பினர்கள் சிறை சென்றார்கள். அவர்களில் ஐவர் பெண்கள். நெல்லி கிரெசால் அப்போது கர்ப்பிணி. சிறைக்குள்ளேயே நகராட்சிக் கூட்டம் நடந்தது.

ஆறு வாரங்களுக்குப் பின் விடுதலையானார்கள். அவ்வருடமே புதிய சட்டம் வந்தது. ஏழை நிவாரணச் செலவின் பெரும்பங்கை லண்டன் வட்டாரங்கள் சேர்ந்து ஏற்றன. சிறை சென்றவர்களில் ஒருவரான மின்னி லான்ஸ்பரி, 1922 ஜனவரி முதல் நாள், 32 வயதில், நிமோனியாவால் இறந்தார்.

அன்புச் சகோதர, சகோதரிகளே! நம் தெருவில் இருமிக்கொண்டே வேலைக்குப் போகும் தகப்பனுக்கு அரிசி மட்டும் கொடுத்தால் போதாது. சளிப் பரிசோதனைக்கும் அழைத்துச் செல்ல வேண்டும். அரசு மருத்துவமனையில் காசநோய்க்கான மருந்து இலவசம். உதவி பெறுபவரை வரிசையில் நிறுத்திப் படம் எடுக்காதீர்கள். பக்கத்து வீட்டுக்காரர் பார்த்துக்கொள்வார் என்று, அவரும் கஷ்டத்தில் இருக்கும்போது, விட்டுவிடாதீர்கள். வசதியுள்ள தெரு, வசதியற்ற தெருவின் பாரத்தையும் பகிர்ந்துகொள்ளட்டும்.