அன்று நோட்டீஸ், இன்று வீடியோ!

குட்டீஸ், கோவளம் கடற்கரைக்குப் போயிருக்கிறீர்களா? அங்கிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் தெற்கே போனால், கொஞ்ச நேரத்தில் மாமல்லபுரம் வந்துவிடும். இந்தச் சாலையில் யார் வேண்டுமானாலும் போகலாம். 'இதெல்லாம் ஒரு விஷயமா?' என்கிறீர்களா? நூறு வருடங்களுக்கு முன்னால் இது பெரிய விஷயம்தான்!

அப்போது பல ஊர்களில், தாழ்த்தப்பட்ட மக்கள் பொதுத் தெருவில் நடக்கக் கூடாது, பொதுக் கிணற்றில் தண்ணீர் எடுக்கக் கூடாது என்று தடுத்து வைத்திருந்தார்கள். அதை எதிர்த்தவர்களில் ஒருவர் இதே செங்கல்பட்டு மாவட்டத்துக்காரர். மதுராந்தகம் பக்கம் கோழியாளம் கிராமத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன். 1893இல் ஒரு பத்திரிகை ஆரம்பித்தார். மற்றவர்கள் இழிவாகச் சொல்லிவந்த தன் சாதிப் பெயரையே, 'பறையன்' என்று அதற்குப் பெயராக வைத்தார். என்ன துணிச்சல் பாருங்கள்!

பிறகு தென்னாப்பிரிக்கா போய், நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராக வேலை பார்த்தார். அங்கே தோல் நிறத்தை வைத்துப் பாகுபாடு. வெள்ளையருக்கு ஒரு சட்டம், மற்றவர்களுக்கு வேறு சட்டம். அதை எதிர்த்து அங்கே போராடிக்கொண்டிருந்த காந்திஜிக்குத் தமிழில் கையெழுத்துப் போடக் கற்றுக்கொடுத்தவர் இவர்தான் என்று சொல்வார்கள்!

ஊர் திரும்பியதும் சென்னை சட்டசபை உறுப்பினரானார். பொதுச் சாலை, கிணறு, குளம், அரசு அலுவலகம் எல்லாமே எல்லோருக்கும் பொது என்று 1924இல் தீர்மானம் கொண்டுவந்தார். அது நிறைவேறியது. ஆனால் காகிதத்தில் எழுதியதும் கிணற்றடி மாறிவிடுமா? பல ஊர்களில் அதற்குப் பிறகும் போராட வேண்டியிருந்தது.

அமெரிக்காவிலும் இதே கதைதான். மான்ட்கோமரி நகரத்து பஸ்ஸில், வெள்ளைக்காரர் வந்தால் கறுப்பர் எழுந்து இடம் கொடுக்க வேண்டும். 1955 மார்ச்சில் கிளாடெட் கால்வின் என்ற 15 வயது மாணவி, "எழுந்திருக்க மாட்டேன்" என்று உட்கார்ந்துவிட்டாள். போலீஸ் அவளைக் கைது செய்தது. உங்களில் சிலருக்கு அக்கா வயதுதான் இருக்கும்! அதே வருடம் டிசம்பரில், ரோசா பார்க்ஸ் என்ற பெண்மணியும் மறுத்தார். அன்றைக்கு செல்போன் ஏது? கல்லூரி ஆசிரியை ஒருவர் ராத்திரியெல்லாம் கண்விழித்து ஆயிரக்கணக்கில் நோட்டீஸ் அடித்தார். 'பஸ்ஸில் ஏறாதீர்கள்' என்று செய்தி பரவியது. கறுப்பின மக்கள் 381 நாள் பஸ்ஸில் ஏறவில்லை. பலர் வேலைக்கும் பள்ளிக்கும் நடந்தே போனார்கள்! மழை, குளிர் எதற்கும் மசியவில்லை.

2020இல் மின்னியாபொலிஸ் நகரில், ஜார்ஜ் ஃப்ளாய்ட் என்ற கறுப்பரின் கழுத்தை ஒரு போலீஸ்காரர் முழங்காலால் அழுத்தியதில் அவர் இறந்துபோனார். அதைச் செல்போனில் படம்பிடித்தவள் 17 வயதுப் பெண். சில நாட்களுக்குள் பல நாடுகளில் மக்கள் தெருவுக்கு வந்துவிட்டார்கள். அந்த வீடியோ நீதிமன்றத்திலும் சாட்சியானது.

வீடியோ நம் பக்கத்திலும் வேலை செய்தது. 2021இல், மாமல்லபுரத்துக் கோவில் ஒன்றில் அன்னதானப் பந்தியில் உட்கார விடாமல் தங்களைத் துரத்தியதாக, நரிக்குறவப் பெண் ஒருவர் கொதித்துப் பேசினார். அந்தப் பேச்சு செல்போன்களில் பரவியது. சில நாட்களில் அமைச்சர் சேகர்பாபு அதே கோவிலில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டார். தீபாவளியன்று முதல்வர் மு.க.ஸ்டாலின் பூஞ்சேரிக்கே வந்து நரிக்குறவர், இருளர் குடும்பங்களுக்குப் பட்டா கொடுத்தார். நரிக்குறவரைப் பழங்குடியினர் பட்டியலில் சேர்க்கும் மசோதா 2022 டிசம்பரில் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. அது பல வருடக் கோரிக்கை. வீடியோவால் மட்டும் வந்தது என்று நினைத்துவிடாதீர்கள்!

நோட்டீஸோ வீடியோவோ, 'மாட்டேன்' என்று முதலில் சொல்ல ஒரு ஆள் வேண்டியிருக்கிறது. அந்தக் கிளாடெட் என்ன ஆனாள் என்கிறீர்களா? பஸ்ஸில் பாகுபாடு கூடாது என்று 1956இல் தீர்ப்பு வந்ததே, அந்த வழக்கைத் தொடுத்தவர்களில் அவளும் ஒருத்தி. ஆனால் அவள் கைதான வழக்கைப் பதிவேட்டிலிருந்து நீக்கியது எப்போது தெரியுமா? 2021இல். அப்போது அந்தப் பாட்டிக்கு வயது 82!